‘ங்க’ போட்டுக் கூப்பிடு

ஊரே திரண்டு ஒருத்தியை அடித்து விரட்ட வேண்டிய காட்சி. கையில் கம்பும் விளக்குமாறுமாக நாங்கள் ஒரு கூட்டம் நின்றோம். மாஸ்டர் கீபோர்டில் ஓங்கி ஓர் அடி அடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தோம். பாய்ந்து, ஒரே குரலில், “ஊர உட்டு வெளிய போயிருங்க” என்று கத்தினோம்.

மாஸ்டர் கீபோர்டின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அவர் திருநெல்வேலிக்காரர். கோயமுத்தூருக்கு வந்து எங்கள் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். “அடிச்சு வெரட்டும்போதும் மரியாத குடுக்கிற ஊர இப்பதாம்ல பாக்கேன்” என்றார். மறுபடியும் பாயச் சொன்னார். இந்த முறை “போயிரு” என்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஆனால் யாரோ ஒருவர் வாய்க்குள்ளேயே ‘ங்க’ என்று முடித்தது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அதன்பிறகு ஒத்திகை எங்கே நடக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். விரட்டப்பட வேண்டியவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் சித்தி.

“எங்க ஊருல எங்கப்பனுக்கு ஒருத்தரும் ‘ங்க’ போட்டதில்லீங்க மாஸ்டர்” என்றாள். கோபமெல்லாம் இல்லை, ஆஸ்பத்திரியில் நோயாளியின் காய்ச்சலைச் சொல்லும் அதே குரல்தான். “அவரைக் கூப்பிட்ட மாதிரியே என்னையுங் கூப்புடச் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியும்.”

தெரியும்தான். மூன்றாம் முறை பாய்ந்தபோது எல்லோருக்கும் அந்த ‘போடி’ அவ்வளவு சரளமாக வந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றி இன்றைக்கு யார் மேடையேறினாலும் பேசுகிறார்கள். ஏனுங்க, வாங்க, போங்க என்று சொல்லிக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறார்கள். பேசட்டும். நானும் அந்தத் தமிழைத்தான் பேசுகிறேன், எனக்கும் அது இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த இரண்டெழுத்து யார் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பேசுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் நாடகத்தின் கடைசிப் பாட்டால் என் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவுடைய அப்பாவுக்கு, குடியிருந்த வீடு போனது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துப் படிப்பவர்களின் கண்ணைக் கசக்கவைக்கும் வேலை எனக்கு ஒத்துவராது. வீடு போகும் என்று தெரிந்திருந்தும் பாடியிருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சித்தி என்றதும் வயதான ஒருத்தியை நினைத்துவிடாதீர்கள். என் அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே வயது ரொம்பத் தள்ளிப்போனதால் எனக்கு அவள் அக்கா மாதிரி. அன்னூருக்குப் பக்கத்தில் தோட்டத்துக் கூலிகளாக இருந்த குடும்பம். மிஷன் விடுதியில் தங்கிப் படித்து நர்ஸ் ஆனவள். தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் டைப்பிஸ்ட். சாயங்காலம் பஸ் பிடித்து நான் டவுனுக்கு வந்தால் இரண்டு பேருமாகப் பாட்டுப் பயிற்சிக்குப் போவோம். சித்திக்குக் கட்டைக் குரல். கீர்த்தனைகளில் எல்லோருடைய குரலுக்கும் அடியில் தரை மாதிரி கிடக்கும். அவள் ஒருநாள் வராவிட்டால்தான் அது தெரியும்.

நாடகம் மாஸ்டருடைய ஆசை. அவர் கல்லூரியில் படித்த ஒரு பழைய வெளிநாட்டு நாவலை முழுக்கப் பாட்டாகவே மேடையேற்ற வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரை ஊர் ஒன்று. அங்கே ஒரு படகுக்காரனை ஊர் ஒதுக்கிவைக்கிறது. அவன் செய்யாத ஒரு திருட்டு அவன்மேல் விழுகிறது. அடித்து அக்கரைக்குத் துரத்துகிறார்கள். பிறகு வெள்ளம் வருகிறது, அவனுடைய படகைத் தவிர வேறு போக்கில்லை. அவன் ஒவ்வொருவராக ஏற்றிக் கரைசேர்த்துவிட்டு, கடைசி நடையில் படகோடு முழுகிப் போகிறான். ஊர் அழுது அவனுக்குக் கல்நட்டுக் கும்பிடுகிறது. மாஸ்டர் அந்த ஆற்றைப் பவானியாக்கினார், படகைப் பரிசலாக்கினார், சித்தியின் குரலை நினைத்துப் படகுக்காரனைப் பரிசல்காரியாக்கினார். முடிவைக் கண்கலங்கிச் சொல்லி முடித்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்.

சித்தி கேட்டாள், “ஏனுங்க மாஸ்டர், செத்தாத்தான் மரியாதீங்களா?”

“அதும்மா, நாவல்ல அப்படித்தான் இருக்கு.”

“எழுதுனவருக்கு என்ன, எழுதிப்போட்டுப் போயிட்டாரு. செத்தவளக் கும்புடறது சுலபமுங்க. எங்க ஊர்ல கூட அதச் செய்வாங்க. உசுரோட இருக்கறவளுக்கு ஒரு வார்த்த குடுக்கச் சொல்லுங்க, பாப்போம்.”

அந்தப் பேச்சு நடந்தது முதல் வாரத்தில். விரட்டும் காட்சியில் நாங்கள் ‘போயிருங்க’ என்று கத்தியது அதற்கு அடுத்த வாரத்தில். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு மாஸ்டர் சில நாள் கீபோர்டும் கையுமாக இருந்தார். பிறகு நாடகம் முழுவதையும் அந்த இரண்டெழுத்தின் மேல் தூக்கி நிறுத்தினார். முதல் பாட்டில் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். சாப்ட்டாச்சுங்களா, தண்ணி பாஞ்சுதுங்களா, மழை வருமுங்களா என்று மேடை முழுக்க ‘ங்க’ துள்ளும். அதற்கு நடுவே பரிசல்காரி வருவாள். எல்லோருக்கும் ‘ங்க’ போட்டு வணக்கம் சொல்வாள், குழந்தைக்கும் போடுவாள், குரைக்கிற நாய்க்கும் போடுவாள். அவளுக்கு யாரும் போடமாட்டார்கள். பாட்டின் தாளமே அவளிடம் வரும்போது ஒரு தட்டுக் குறையும், சபை அங்கே கால் தடுக்கின மாதிரி ஆகும்.

கடைசிக் காட்சியில் வெள்ளம். நாங்கள் பெஞ்சுகளின் மேல் ஏறி நின்று, ஏ பரிசக்காரி, வா, வந்து எங்கள ஏத்திக்கிட்டுப் போ என்று கூப்பிடுவோம். அவள் துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்தில் நிற்பாள். தபலா நின்றுவிடும். பாடுவாள்:

ஊருக்கெல்லாம் ‘ங்க’ போட்டேன்,
நாய்க்குங்கூட ‘ங்க’ போட்டேன்,
எனக்கொண்ணு போட்டியா நீ?
தண்ணி ஏறட்டும், நான் நிக்கறேன்,
‘ங்க’ போட்டுக் கூப்புடு, வாரேன்.

நாங்கள் கூப்பிட்ட பிறகுதான் பரிசல் நகரும். அவள் முழுக மாட்டாள். எல்லோரையும் கரைசேர்த்துவிட்டுத் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அவ்வளவுதான் கதை.

கோவையில் முதன்முதலாகப் போட்டபோது பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் கைதட்டலாமா என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். முடிந்ததும் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து, “கொங்கு மண்ணோட மரியாதையக் கேவலப்படுத்தலாமுங்களா அம்மணி” என்று வருத்தப்பட்டார். நல்ல மனிதர்தான், வருத்தம் உண்மையானதுதான். சித்தி முகப்பவுடரைத் துடைத்துக்கொண்டே, “கேவலப்படுத்துலீங்க, எனக்கும் கொஞ்சம் கேட்டேனுங்க” என்றாள்.

அன்னூரிலிருந்து அழைப்பு வந்தது அதற்குப் பிறகு. அங்கே ஒருவர் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். திறப்பு விழாவுக்கு நாடகம் வேண்டும், நம்ம ஊர்ப் பெண் நடிக்கிறதாமே என்று ஆள் விட்டிருந்தார். நாடகத்தை அவர் பார்த்ததில்லை. அவருடைய தோட்டத்தில்தான் அப்புச்சி சிறுவயது முதல் வேலை செய்தார். வரப்போரம் அவரே மண்சுவர் வைத்துக் கட்டிய ஒரு வீட்டில் அப்போதும் இருந்தார். சுவர் அப்புச்சியுடையது, அடியில் இருந்த மண் மண்டபத்துக்காரருடையது. மோட்டார் போடுவதும் வாழைக்குத் தண்ணீர் திருப்புவதும் அந்த வயதிலும் அவர் வேலைதான்.

கடைசிப் பாட்டைப் பற்றி யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மண்டபத்துக்காரர் காரில் எங்கள் ஒத்திகைக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தணிந்த குரல். மாஸ்டர் எழுந்தபோது, நீங்க உக்காருங்க என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். “அருமையா இருக்குதுங்க மாஸ்டர். நம்மூருப் புள்ளைக நடிச்சா நமக்குப் பெருமதானுங்க. அந்தக் கடசிப் பாட்டு மட்டும் வேண்டாமுங்க. மங்கல காரியம் நடக்கற எடமுங்க” என்றார். சொல்லிவிட்டு அதே மூச்சில், அதே சிரிப்போடு, சித்தியின் பக்கம் திரும்பினார். “ஏ புள்ள, உங்கப்பன் இன்னமும் நம்ம தோட்டத்துலதான இருக்கறான்? நெனப்பு வெச்சுக்கோ.”

“இருக்கறாருங்க” என்றாள் சித்தி.

அவள் எதைத் திருத்தினாள் என்பது அவர் காதில் ஏறவே இல்லை. மாஸ்டர் “பாத்துக்கிடுதேன்” என்றார். எங்கள் பக்கத்தில் பார்க்கலாமுங்க என்று ஒருவர் சொன்னால் முடியாது என்று அர்த்தம். அவர் சொன்னது அவருடைய ஊர்ப் பேச்சில் வேறு மாதிரி விழுந்ததால், மண்டபத்துக்காரர் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். மாஸ்டர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று பிறகு கேட்டோம். எனக்கே தெரியலம்மா, உங்க சித்திதான் முடிவு பண்ணணும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தியும் பஸ் ஏறி அப்புச்சியைப் பார்க்கப் போனோம். வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சித்தி சுற்றி வளைக்காமல் முழுவதையும் சொன்னாள். பாட்டையும் பாடிக் காட்டினாள். கேட்டுவிட்டு அவர் ஈரக் காலைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டெழுத்துக்கு ஊட்ட உடச் சொல்றியா கண்ணு?”

“ரெண்டெழுத்துத்தானுங்கப்பா. அதக் குடுத்தா அவங்க என்ன கொறஞ்சா போயிருவாங்க?”

அப்புச்சி மண்வெட்டியைக் கழுவி வரப்பில் சாய்த்தார். “நீங்க வேண்டாம்னாலும் நான் பாடத்தானுங்கப்பா போறேன். அதுனால உங்ககிட்டக் கேக்க வரல. சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன். ஊடு போச்சுன்னா என்ற குவார்ட்டர்ஸுக்கு வந்துருங்க” என்றாள். என் அம்மா பிறகு அதற்காகச் சித்தியைக் கிழிகிழி என்று கிழித்தாள். பெற்றவரின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்றாள். எனக்கும் அன்றைக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்புச்சி திட்டவில்லை. “என்னமோ பண்ணு. நாடகம் பாக்க நானும் வாரேன். பொறகாலதான் ஒக்காருவேன், முன்னால வரச் சொல்லாத” என்றார்.

மண்டபத்தில் முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பின்னால் ஜமக்காளம் விரித்திருந்தது. யாரும் யாரையும் இங்கே உட்கார் என்று சொல்லவில்லை, வந்தவர்கள் தானாகவே பிரிந்து உட்கார்ந்தார்கள். மேடையிலிருந்து பார்த்தபோது கடைசியில் கதவோரம் அப்புச்சி தெரிந்தார். வெளுத்த வேட்டி கட்டி வந்திருந்தார். மண்டபத்துக்காரர் முதல் வரிசையில் நடுவில் இருந்தார், முதல் பாட்டுக்கு ரசித்துத் தலையாட்டினார்.

வெள்ளக் காட்சி வந்தது. பெஞ்சின் மேல் நின்று கூப்பிட்டோம். சித்தி துடுப்பை ஊன்றினாள். அந்த இடத்தில் நேராகப் பரிசலைத் தள்ளிக்கொண்டு வருவாள் என்று முன்வரிசை நினைத்திருக்கும். மாஸ்டர் எங்களிடமும் எதுவும் சொல்லவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் சித்தி பாடினாள். கோவையில் பாடியதைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தாள். ‘எனக்கொண்ணு போட்டியா நீ’ என்ற வரியை முன்வரிசையின் நடுவில் பார்த்துப் பாடினாள். பாடிவிட்டு நின்றாள்.

நாங்கள் கூப்பிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்கு அந்த ஊரில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் கூப்பிட்டோம், ஏனுங்க, வாங்க, வந்து எங்களக் கூட்டிக்கிட்டுப் போங்க என்று. என் சித்தியை அவளுடைய ஊர் நடுவில் அத்தனை பேர் ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். நாடகம்தானே என்று நீங்கள் சொல்லலாம். நாடகம்தான். ஜமக்காளத்தில் விசில் பறந்தது. நாற்காலிகளில் சத்தமே இல்லை.

மேடைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கூடம். சித்தி கை கழுவும் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்புச்சி பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிலைப்படியில் நின்றார். அப்போது மண்டபத்துக்காரர் ஆட்களோடு வந்தார். முகம் சிவந்திருந்தது. அந்தக் கோபத்திலும், “ரொம்ப நல்லா இருந்துதுங்க மாஸ்டர், சாப்ட்டுட்டுத்தான் போகோணுமுங்க” என்றார். சித்தியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிலைப்படியைப் பார்த்தார்.

“டேய், இங்க வாடா.”

அப்புச்சியின் கால் எழுந்துவிட்டது. ஆயுசு முழுக்க அந்தக் கூப்பாட்டுக்கு எழுந்த கால். சித்தி ஈர முகத்தோடு அவரைப் பார்த்தாள். எழுந்த காலை அப்புச்சி அதே இடத்தில் வைத்தார்.

“உன்னத்தான்டா, காது கேக்கல?”

“கேக்குதுங்க” என்றார் அப்புச்சி. “‘ங்க’ போட்டுக் கூப்புடுங்க, வாரேனுங்க.”

நக்கல் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு என் அப்புச்சியைத் தெரியாது. சித்தி மேடையில் அந்த ‘ங்க’வை உதறிவிட்டுப் பாடினாள். அப்புச்சிக்கு அது இல்லாமல் பேச வராது. தனக்கு வேண்டியதைக் கேட்கும்போதும், எதிரில் நிற்பவருக்குச் சேர வேண்டியதைக் குறைக்காமல் கொடுத்துக்கொண்டே கேட்டார். அந்தக் கூடத்தில் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். மண்டபத்துக்காரரின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. ஒரு கணம் வந்துவிடும் என்றுகூட நினைத்தேன். வரவில்லை.

“நாளையிலிருந்து தோட்டத்துப் பக்கம் தல வெக்காத” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

“செரிங்க” என்றார் அப்புச்சி.

அடுத்த நாளே ஒரு டெம்போவில் இரண்டு ஆட்டையும் பாத்திரங்களையும் ஏற்றினோம். ஆட்டுக்குக் குவார்ட்டர்ஸில் இடமில்லை, அவை பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தன. சுவரை விட்டுவிட்டு வருவதுதான் அப்புச்சிக்குக் கஷ்டமாக இருந்தது. வாசலில் நின்று உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தார், அழுதார். அழவில்லை என்றெல்லாம் வீரம் பேச எனக்கு விருப்பமில்லை. அழுதார், ஆனால் மண்டபத்துக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்கவா என்று என் அம்மா சொன்னபோது, “என்னத்துக்கு? நான் மரியாதையாத்தான கேட்டேன்” என்றார். நாடகம் பிறகு பவானியிலும் இன்னும் பல ஊர்களிலும் நடந்தது. ஓரிடத்திலும் கடைசிப் பாட்டை வெட்டவில்லை. வெட்டச் சொன்ன ஊர்களுக்கு நாங்கள் போகவில்லை. சித்தி இப்போது ஓய்வுபெற்றுவிட்டாள், குரல் இன்னும் தரையில்தான் கிடக்கிறது. இரண்டெழுத்துக்காக ஒரு வீடா என்று இன்றும் சொந்தக்காரர்கள் கேட்கும்போது நான் வாதம் செய்வதில்லை. அப்புச்சி டவுனுக்கு வந்த முதல் காலையைச் சொல்வேன்.

நானும் சித்தியும் அவரை ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அதற்குமுன் அவர் டவுனுக்கு வந்ததே குறைவு. பெஞ்சில் உட்காராமல் ஓரமாக நின்றார். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே அவரைப் பார்த்து, “உங்களுக்கு என்னங்க வேணும்?” என்றார். அப்புச்சி திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. சாலைதான் இருந்தது. திரும்பவும் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

“இன்னொருக்காக் கேளுங்க.”

கிழவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்த கடைக்காரர், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்: “உங்களுக்கு என்னங்க வேணும்?”